எழுத்துக்குக் கால் வேண்டுமா என்று வாதாடும் தம்பிமாருக்கு

மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அலுவலகங்களுக்கும் சங்கங்களுக்கும் கோயில்களுக்கும் இணையத்தளம் அமைத்துக் கொடுக்கும் தம்பிமார், தங்கைமார் அனைவருக்கும்,

வணக்கம். ஈய எழுத்துக் கோத்த அச்சகத்தில் தொழில் பழகி, பிறகு கல்முனையில், ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்த பழைய பாமினி எழுத்துருவில் கலியாண அட்டை அடித்தவன் நான். கணினி நிரல் ஒன்றும் தெரியாது. ஆனாலும் எங்கள் சங்கத்தின் தளத்துக்காக வந்த இரண்டு தம்பிமார் செரிஃபா, சான்ஸ் செரிஃபா என்று ஒன்றரை மணி நேரம் வாதாடியதைக் கேட்டபின் எழுதாமல் இருக்க முடியவில்லை. தேநீர் இரண்டு முறை ஆறிப்போனது.

ஒருவர் ஜோர்ஜியா எழுத்துரு என்றார். எழுத்தின் நுனிகளில் சின்னக் கால் வைத்தது, அதுவே செரிஃப். மற்றவர் கால் இல்லாத, அதாவது சான்ஸ் செரிஃப் வகையான வெர்டானாவே திரைக்கு ஏற்றது என்றார். இரண்டையுமே மைக்ரோசொஃப்டுக்காக வரைந்தவர் மத்தியூ கார்ட்டர் என்ற ஒரே மனிதர். இரண்டும் 1996இல் வெளிவந்தவை, இரண்டும் திரைக்கென்றே செய்தவை. அதைவிட வேடிக்கை, இரண்டிலும் ஒரு தமிழ் எழுத்துக்கூட இல்லை.

நீங்கள் ஜோர்ஜியா என்று எழுதி வைத்தால் ஆங்கில வரி மட்டுமே அதை உடுத்திக்கொள்ளும். தமிழ் வரி வந்ததும் உலாவி கருவிக்குள் தேடி, கிடைத்ததை எடுத்துப் போடும்: புதிய வின்டோஸில் பெரும்பாலும் நிர்மலா, பழையதில் லதா, அன்ட்ரொயிட் கைத்தொலைபேசியில் நோட்டோ சான்ஸ் தமிழ். அதாவது நம் ஊரில் அந்தத் தளத்தைத் திறக்கும் பெரும்பாலானோருக்கு உங்கள் ஒன்றரை மணி நேர வாதத்தின் தீர்ப்பு போய்ச் சேராது. மும்மொழித் தளத்தில் தமிழுக்கென்று ஓர் எழுத்துருவைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுங்கள். கூகுளின் நோட்டோ வரிசையில் சான்ஸ் தமிழும் உண்டு, செரிஃப் தமிழும் உண்டு, இரண்டும் இலவசம்.

இந்த நுனிக் கால் என்பதே ஆங்கிலம் எழுதும் உரோம எழுத்தின் சொத்து. தமிழில் செரிஃப் என்று விற்கப்படுவது பெரும்பாலும் கோட்டின் தடிப்பும் மெலிவும்தான். ஈய எழுத்தில் வளர்ந்த எனக்கு அந்தத் தடிப்பு மெலிவு இன்னமும் பிடிக்கும். கதை, கட்டுரை என்றால் அதையே கேட்பேன். ஆனால் நிவாரண அறிவித்தலை விலை குறைந்த கைத்தொலைபேசியில் படிப்பவருக்கு மெலிந்த கோடு வெயிலில் காணாமல் போகும். அங்கே ஒரே தடிப்பில் ஓடும் சான்ஸ் போதும். ஆங்கிலத்திலேயே எது வாசிக்க இலகு என்று பல பத்தாண்டுகளாக ஆராய்ந்தும் முடிவான விடை கிடைக்கவில்லை. நாம் ஏன் மண்டையை உடைக்க வேண்டும்?

உடைக்க வேண்டிய இடம் வேறு. எங்கள் அயல்வீட்டு அக்கா ஓர் அலுவலகத்தின் அறிவித்தலைக் காட்டி, “தம்பி, இது தமிழ்தானா?” என்று கேட்டார். ஆங்கிலத்துக்கு அளந்த வரி இடைவெளியைத் தமிழுக்கும் போட்டிருந்தார்கள். மேல் வரியில் ‘மூ’வின் வால் கீழ் வரியில் ‘கீ’யின் கொம்பில் போய் இடித்தது. எழுத்தும் பொடி. போதாக்குறைக்குத் தடித்த எழுத்து வேறு. ‘ண’வின் சுழிகள் அடைபட்டுக் கறுப்புக் கட்டியாகிவிட்டன.

புள்ளியைப் பற்றி ஒரு வார்த்தை. ஓலையில் புள்ளி குத்தினால் கிழியும் என்று ஏட்டில் அதை விட்டு எழுதினார்கள் என்பார்கள். படித்த புலவர்கள் ஊகித்துக்கொண்டார்கள். இன்று எழுத்துச் சிறுத்துப் புள்ளி மறைந்தால், ‘பல் வைத்திய முகாம்’ ‘பல வைத்திய முகாம்’ ஆகிவிடும். நெஞ்சு நோவுக்காரரும் வரிசையில் வந்து நிற்பார். பாமினியில் தட்டியதை அப்படியே தளத்தில் ஒட்டுகிறவர்களைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்: அந்த எழுத்துரு இல்லாத கருவியில் புள்ளி வரவேண்டிய இடமெல்லாம் ஆங்கில அரைப்புள்ளி. அந்தப் பாவத்தில் எனக்கும் பங்குண்டு.

ஆகவே பத்திகளின் எழுத்தைப் பதினேழு பதினெட்டுப் பிக்சலுக்குக் குறைக்காதீர்கள். வரி உயரத்தை எழுத்தளவின் ஒன்றரை மடங்குக்கு மேலே வையுங்கள். தமிழைச் சாய்த்தெழுத வேண்டாம். நமக்கு அந்த வழக்கம் இல்லை, உலாவி அதைத் தள்ளிச் சரிக்கிறது, அவ்வளவுதான்.

தளத்தைத் திறந்து வைப்பதற்கு முன் ஒருநாள் மத்தியானம் மட்டக்களப்பு பஸ் நிலையத்துக்குப் போய், பழைய கைத்தொலைபேசி ஒன்றில் அதைத் திறந்து, கண்ணாடி போட்ட ஒருவரிடம் கொடுத்து வாசிக்கச் சொல்லுங்கள். ஆள் கிடைக்காவிட்டால் என்னைக் கூப்பிடுங்கள். என் கண்ணாடியும் மாற்ற வேண்டிய காலம் கடந்ததுதான்.

இப்படிக்கு,
பழைய அச்சுக்காரன் ஒருவன்