பாலிஷ் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்த கரண்டகம்: ஒரு புகார் கடிதம்

திருச்சி
28.11.2025

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு

பொருள்: பழைய வெள்ளிச் சுண்ணாம்புக் கரண்டகத்தைச் சொல்லியதற்கு மாறாகப் பாலிஷ் போட்டு, அடியில் வெட்டியிருந்த எழுத்துகளை அழித்தது தொடர்பாக.

ஐயா,

வணக்கம். சென்ற 8ஆம் தேதி சனிக்கிழமை காலை உங்கள் கடையின் பழுது பார்க்கும் பிரிவில் ஒரு வெள்ளிச் சுண்ணாம்புக் கரண்டகம், அதாவது வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு வைக்கும் சின்னச் சிமிழ், கொடுத்தேன். மூடியின் கீல் ஆணி தேய்ந்து, மூடி ஒரு பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. ஆணியை மட்டும் சரி செய்யச் சொன்னேன். வாயால் சொன்னதோடு விடவில்லை. கவுன்டரில் தந்த படிவத்தில் என் கைப்பட, "கீல் மட்டும். கழுவ வேண்டாம், பாலிஷ் வேண்டாம்" என்று எழுதி, அடியில் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தேன். கம்ப்யூட்டரில் இருந்து வந்த ரசீதில் "பழைய சாமான் 1, ரிப்பேர் + கிளீனிங் + பாலிஷ்" என்று இருந்ததை நான் அப்போதே பார்த்திருக்க வேண்டும். கண்ணாடி பையில் இருந்தது. எடையை மட்டும் பக்கத்தில் நின்றவரிடம் படிக்கச் சொல்லிக் கேட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். அது என் தப்பு, ஒத்துக்கொள்கிறேன்.

22ஆம் தேதி வாங்கப் போனபோது, வெல்வெட் பையிலிருந்து உங்கள் ஊழியர் எடுத்து வைத்த பொருளை என்னுடையது என்று எனக்கு அடையாளம் தெரியவில்லை. "வேற யாரோடதோ மாறிடுச்சும்மா" என்றேன். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே, "உங்களுதுதான் சார், புதுசு மாதிரி ஆக்கிட்டோம்" என்றார். நல்ல மனதோடுதான் சொன்னார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை, அதையும் இங்கேயே பதிவு செய்துவிடுகிறேன்.

கொடுத்தபோது அது எப்படி இருந்தது என்று சொல்கிறேன். உங்கள் பட்டறையில் அதைப் பார்த்தவர்கள் யாரும் சரியாகப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். பாக்கெட் கடிகாரம் மாதிரி வட்டமாக, தட்டையாக, உள்ளங்கையில் அடங்கும். மூடியின் மேல் ஓர் அன்னம், அதன் அலகிலிருந்து புறப்பட்டு விளிம்பு முழுக்க ஓடும் தாமரைக் கொடி. அன்னத்தின் ஒவ்வொரு இறகும் தனித்தனிச் சிற்றுளி வெட்டு. அந்த வெட்டுகளுக்குள் நிரந்தரமாகத் தங்கிப்போன கறுப்பு இருந்ததால்தான் இறகு இறகாகத் தெரிந்தது. கையில் பட்டுத் தேயும் மேடுகள் வெளுப்பாகவும், கை படாத பள்ளங்கள் கறுப்பாகவும் ஆக எத்தனை ஆண்டு ஆகியிருக்கும்! உள்ளே கீலோரத்தில் காய்ந்த சுண்ணாம்பு கல்லாக ஒட்டியிருந்தது. பக்கத்தில் ஒரு சின்ன வளையம், அதில் ஒரு சாண் சங்கிலி, சங்கிலி முனையில் சுண்ணாம்பு எடுக்கும் குட்டிக் கரண்டி.

அப்புறம், அடிப்பக்கம். அங்கே புள்ளி புள்ளியாக உளியால் வெட்டிய மூன்று விலாச எழுத்துகளும் (சொந்தக்காரர் பெயரைக் குறிக்கும் முதலெழுத்துகள்), அவற்றுக்குக் கீழே தமிழ் எண்ணில் '௫' (ஐந்து) என்றும் இருந்தன.

இப்போது அடிப்பக்கத்தில் என் முகம் தெரிகிறது.

2011இல் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் ஒரு பழம்பொருள் கடையில் அதை வாங்கினேன். முப்பது வருடமாகச் சின்னச் சின்ன வெள்ளிச் சாமான்கள் சேர்க்கிறேன். பெரிய சாமான் வாங்க எனக்கு வசதியும் இல்லை, ஆசையும் இல்லை. குங்குமச் சிமிழ், குழந்தைக்குப் பால் புகட்டும் பாலாடை, கிலுகிலுப்பை, சந்தனக் கிண்ணம், சாவிக்கொத்தோடு இடுப்பில் தொங்கிய, காது அழுக்கு எடுக்கும் குறும்பிவாங்கி, இப்படி ஒரு வீட்டில் ஒருவர் கை தினமும் தொட்ட பொருள்கள்தான். எங்கே போனாலும் முதலில் திருப்பி அடியைப் பார்ப்பேன். பேர் வெட்டியிருந்தால் வாங்கிவிடுவேன். என் மனைவி இதைக் கிண்டல் செய்வதுண்டு: பொண்ணு பார்க்கப் போனால்கூட நீங்கள் பின்னால் திருப்பித்தான் பார்த்திருப்பீர்கள் என்று.

எழுத்து போனால் என்ன, வெள்ளி இருக்கிறதே என்று உங்கள் கடை மேலாளர் போனில் கேட்டார். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இங்கிலாந்தில் செய்த ஒரு சின்ன வெள்ளிக் கரண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே 1300ஆம் ஆண்டிலேயே வெள்ளிக்குச் சிறுத்தைத் தலை முத்திரை சட்டமாகிவிட்டது. 1478இலிருந்து லண்டனில் வருட எழுத்தும் சேர்ந்தது. நங்கூர முத்திரை இருந்தால் பர்மிங்ஹாம். எழுத்தையும் முத்திரையையும் பார்த்து எந்த ஆண்டு, எந்த ஊர் என்று இன்றைக்கும் சொல்லிவிடலாம். நம் பக்கம் அப்படி எதுவும் கிடையாது. இந்தியத் தர நிர்ணய அமைப்பான பி.ஐ.எஸ். வெள்ளிக்கு ஹால்மார்க் கொண்டுவந்ததே 2005இல்தான். மதராஸில் பி.ஓர் அண்ட் சன்ஸ் மாதிரியான பெரிய கம்பெனிகள் செய்த, சாமி உருவங்கள் புடைத்து நிற்கும் சுவாமி வேலைப்பாட்டுச் சாமான் என்றால் அதில் கம்பெனி பெயராவது இருக்கும். ஊர்ப் பத்தர் செய்த கரண்டகத்தில் என்ன இருக்கும்? செய்தவர் பெயர் இருக்காது. வருடம் இருக்காது. சீர் சாமான் கலந்துவிடக்கூடாது என்று வீட்டார் வெட்டி வைத்த அந்த நாலு எழுத்துதான் இருக்கும். அதற்கு இருந்த ஒரே ஆவணம் அது. அதைத்தான் உங்கள் பாலிஷ் போடும் பஃப்பிங் சக்கரம் தின்றுவிட்டது.

'௫' என்ன என்று எனக்கு முதலில் புரியவில்லை. ஐந்தாவது மகளா, ஐந்து உருப்படியில் ஒன்றா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். எனக்கு வேலை செய்து கொடுத்த பழைய பத்தர் ஒருவர் பார்த்ததுமே, "எடைய்யா அது" என்றார். வெள்ளியை அந்தக் காலத்தில் ரூபாய் எடையில்தான் பேசுவார்கள். வீட்டில் இருந்த விக்டோரியா ராணி தலை போட்ட வெள்ளி ரூபாய்களில் ஐந்தை எடுத்துப் போய் அவருடைய தராசின் ஒரு தட்டில் போட்டோம், மறு தட்டில் கரண்டகத்தை வைத்தோம். முள் கொஞ்சம் ஆடி, கரண்டகம் பக்கம் நூல் அளவு சாய்ந்து நின்றது. ஒரு ரூபாய் 11.66 கிராம், ஐந்துக்கு 58.3 கிராம். கரண்டகமும் தேய்ந்திருக்கிறது, என் ரூபாய்களும் தேய்ந்தவைதான். இருந்தும் கணக்கு நின்றது. யாரோ ஒருவர் மகளுக்கு ஐந்து ரூபாயை உருக்கக் கொடுத்து இதைச் செய்திருக்கலாம் என்று அன்று இரவெல்லாம் நினைத்துக்கொண்டிருந்தேன். உண்மையா என்று தெரியாது. ஆனால் அப்படி நினைக்க அந்த '௫' இடம் கொடுத்தது.

எடைக்கே வருகிறேன். உங்கள் ரசீதில் வாங்கியபோது 57.900 கிராம். திருப்பித் தந்தபோது, உங்கள் தராசிலேயே, 56.450. குறைந்தது 1.450 கிராம். இதில் உள்ளே இருந்த காய்ந்த சுண்ணாம்பும் சேர்த்தி என்று உங்கள் தரப்பில் சொன்னார்கள். நியாயம்தான், அதைச் சுரண்டி எடுத்ததில் கொஞ்சம் குறைந்திருக்கும். (அந்தச் சுண்ணாம்பையும் நான் எடுக்கச் சொல்லவில்லை என்பது வேறு விஷயம்.) மீதி எல்லாம் வெள்ளி. ஒரு கிராம் வெள்ளிக்காக நான் சண்டைக்கு வரவில்லை. அந்த ஒரு கிராம் எங்கிருந்து போனது என்பதுதான் என் வருத்தம். இறகு முனையிலிருந்தும் எழுத்துப் புள்ளிகளின் கரையிலிருந்தும் போயிருக்கிறது.

வெள்ளி கறுப்பது அழுக்கு இல்லை ஐயா. காற்றில் இருக்கும் கந்தகம் மேல்தோலோடு சேர்ந்து வெள்ளி சல்பைடாக மாறுவது. அந்தத் தோலில் இருப்பதும் வெள்ளிதான். திராவகத்தில் முக்கினால் அதுதான் முதலில் கரையும். அதற்கு மேல் சக்கரத்தில் கொடுத்தால் அடியில் இருக்கும் நல்ல வெள்ளியும் சேர்ந்து போகும். எங்கள் வீட்டில் பித்தளைக்குப் புளி, வெள்ளிக்குத் திருநீறு. பழைய மல்துணியில் கொஞ்சம் திருநீறு தொட்டு, மேட்டை மட்டும் லேசாகத் துடைப்போம். பள்ளத்துக் கறுப்பை யாரும் தொட மாட்டார்கள். அதை எடுத்துவிட்டால் வேலைப்பாடு ஊமையாகிவிடும் என்று என் பாட்டிக்கே தெரிந்திருந்தது. உங்கள் பிரிவின் விளம்பரத்தில் "பாரம்பரியப் பொருள்களுக்குத் தனிக் கவனம்" என்று போட்டிருந்தது. அதை நம்பித்தான் வந்தேன். நான் சொன்ன பத்தருக்குக் கண் மங்கிவிட்டது, அவர் பையன் வேறு வேலைக்குக் கோயம்புத்தூர் போய்விட்டான். இல்லாவிட்டால் உங்களிடம் வந்திருக்க மாட்டேன்.

எதற்காக வந்தேனோ அந்தக் கீலையாவது ஒழுங்காகச் செய்தீர்களா என்றால், அதுவும் இல்லை. பழைய ஆணி வெள்ளிக் கம்பி. அதை எடுத்துவிட்டு எஃகுக் கம்பி போட்டிருக்கிறீர்கள். அது நழுவாமல் இருக்க இரண்டு முனையிலும் சாம்பல் நிறத்தில் ஈயப் பற்று வைத்திருக்கிறீர்கள். வெள்ளியில் ஈயம் பட்டால் பிற்பாடு அதை நெருப்பில் காட்ட முடியாது, ஈயம் வெள்ளியை அரித்துவிடும். இனி எந்தப் பத்தரும் அதன்மேல் பொடி வைத்து ஊத, அதாவது நெருப்பில் பற்றவைக்க, தயங்குவார். வெள்ளிப் பொருள் விற்கும் கடைக்கு இதை நான் எழுதிச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அன்றைக்கே நான் புகார் சொன்னபோது எனக்குக் கிடைத்த சமாதானம் இரண்டு. ஒன்று, அடுத்த முறை பயன்படுத்த 500 ரூபாய் கூப்பன். இன்னொன்று, வேண்டுமானால் இந்தக் கரண்டகத்தை இன்றைய வெள்ளி விலைக்கு எடுத்துக்கொண்டு, சேதாரம் இல்லாமல் அதே எடைக்குப் புதுச் சிமிழ் ஒன்று தருகிறோம் என்றார்கள். கிலோ ஒரு லட்சத்தைத் தாண்டிய பிறகு இப்படித்தான் எத்தனையோ பாலாடையும் சிமிழும் எடைக்குப் போய் உருகிக்கொண்டிருக்கின்றன என்பது தெரியும். நான் கேட்டு வந்தது அது இல்லை.

நான் கேட்பதைச் சொல்லிவிடுகிறேன். வேலைக்கு வாங்கிய 850 ரூபாயை முழுமையாகத் திருப்பித் தர வேண்டும். ஈயத்தை, பொருளுக்கு மேலும் சேதம் வராமல் எடுக்கத் தெரிந்த ஒருவரிடம் உங்கள் செலவில் எடுத்துத் தர வேண்டும். அதை எங்கே, யாரிடம் என்பதை என்னோடு பேசி முடிவு செய்யுங்கள், உங்கள் பட்டறைக்கே திரும்ப அனுப்ப நான் தயாராக இல்லை. எழுத்து அழிந்ததால் பொருளின் மதிப்பு எவ்வளவு குறைந்தது என்பதைப் பழம்பொருள் தெரிந்த, இரு தரப்புக்கும் பொதுவான ஒருவர் சொல்லட்டும், அதை இழப்பீடாகத் தர வேண்டும். நானாக ஒரு தொகை சொல்லப் போவதில்லை. சொன்னால் அது பேராசையாகவும் தெரியும், குறைவாகவும் இருக்கும். எழுத்தை மறுபடி வெட்டித் தருகிறோம் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். கரன்ட் மெஷினில் வெட்டிய '௫' வெறும் பொய்யாகத்தான் இருக்கும்.

வாடிக்கையாளர் கைப்பட எழுதும் குறிப்பு கம்ப்யூட்டர் ரசீதில் ஏன் ஏறவில்லை என்பதற்கு எழுத்து மூலமான விளக்கமும் வேண்டும். உங்கள் மென்பொருளில் 'ரிப்பேர்' என்று அழுத்தினால் கிளீனிங்கும் பாலிஷும் தானாகச் சேர்ந்து வருவதாக அந்தப் பெண்ணே சொன்னார். அப்படியானால் என்னைப் போல எத்தனை பேருடைய பாட்டி பேரை அந்தச் சக்கரம் அழித்திருக்கும்? அவர்களில் பாதிப் பேர் பளபளவென்று இருக்கிறதே என்று சந்தோஷமாகத்தான் வாங்கிப் போயிருப்பார்கள். "பாலிஷ் வேண்டாம்" என்று ஒரு கட்டம் அதில் சேர்ப்பதற்கு அதிகம் செலவாகாது.

இந்தக் கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் சேவைக் குறைபாடு என்று மனு செய்வேன். மிரட்டுவதாக நினைக்க வேண்டாம். அதற்கு இரண்டு வருடம் அவகாசம் இருக்கிறது, எனக்கு அவசரமும் இல்லை. பேசித் தீர்த்துக்கொள்ளவே விருப்பம். படிவத்தின் நகல், ரசீது, 2019இல் நான் எடுத்து வைத்திருந்த அடிப்பக்கப் படம், இப்போது எடுத்த படம் எல்லாவற்றையும் இதோடு இணைத்திருக்கிறேன். இரண்டு படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், போதும்.

கடைசியாக ஒன்று. பழைய கீல் ஆணியை எனக்குத் திருப்பித் தரவில்லை. கேட்டதற்கு, "அது தேய்ஞ்சுபோன கம்பி சார், போட்டிருப்பாங்க" என்றார்கள். விரல் நகம் நீளத்துக்கு, நடுவில் இளைத்து, லேசாக வளைந்த வெள்ளிக் கம்பி. பட்டறைக்காரர்கள் வெள்ளித் தூளைக் கூட்டிச் சேர்த்து வைக்கும் தகர டப்பாவில் கிடந்தாலும் கிடக்கலாம். இழப்பீடு பற்றி நீங்கள் முடிவு செய்ய எத்தனை நாள் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளுங்கள். அந்த டப்பாவை மட்டும் உருக்கக் கொடுப்பதற்கு முன்னால் இன்றைக்கே ஒருவரைத் தேடச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் வாடிக்கையாளர்
(பெயரும் முகவரியும் இணைத்துள்ள ரசீதில் உள்ளபடி)