நடுவர் மீது கை வைப்பதை ஏற்க முடியாது: பெற்றோருக்குத் தலைமையாசிரியர் கடிதம்

அன்புள்ள பெற்றோர்களுக்கு,

வணக்கம். சென்ற சனிக்கிழமை நம் பள்ளி மைதானத்தில் நடந்த 13 வயதுக்குட்பட்டோர் கால்பந்து ஆட்டம் பாதியில் நின்றுபோனதை உங்களில் பலர் நேரில் பார்த்தீர்கள். மற்றவர்கள் கேள்விப்பட்டிருப்பீர்கள். இரண்டாம் பாதியில் நடுவர் எதிரணிக்கு ஒரு பெனால்டி கொடுத்தார். உடனே நம் பள்ளிப் பெற்றோர் இருவர் கோட்டைத் தாண்டி மைதானத்துக்குள் நுழைந்தார்கள். ஒருவர், இங்கே எழுத முடியாத வார்த்தைகளால் நடுவரைத் திட்டினார். இன்னொருவர், நடுவரின் கழுத்தில் தொங்கிய விசில் கயிற்றைப் பிடித்து இழுத்தார். உடற்கல்வி ஆசிரியர் ஓடிப்போய் விலக்கிவிட வேண்டியதாயிற்று. ஆட்டம் அத்தோடு கைவிடப்பட்டது. நம் அணி தோற்றதாகப் பதிவாகியிருக்கிறது. அது நியாயம்தான். நாங்கள் முறையிடப் போவதில்லை.

அந்த நடுவருக்கு வயது 17. இன்னொரு பள்ளியில் படிக்கும் மாணவி. நடுவர் பயிற்சியை முடித்துவிட்டு, விடுமுறை நாட்களில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களுக்கு விசில் ஊத வருகிறவர். அவரை என் அறைக்கு அழைத்துவந்து உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தோம். கழுத்தோரம் கயிறு உரசிய தடம் சிவந்து கிடந்தது. ஆட்ட அறிக்கையை நடுவர்தான் எழுத வேண்டும் என்பதால் படிவத்தை எடுத்து நிரப்ப ஆரம்பித்தார். அணிகளின் பெயர், நேரம், கோல் கணக்கு என்று எல்லாவற்றையும் ஒழுங்காக எழுதிக்கொண்டே வந்தவர், ‘ஆட்டம் நிறுத்தப்பட்ட காரணம்’ என்ற இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். “மேடம், அது பெனால்டிதானே? கையில் பட்டதை நான் நல்லாப் பார்த்தேன்” என்று கேட்டார். வலியைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. தன் முடிவு சரியா என்பதுதான் அப்போதும் அவருடைய கவலை.

அன்று மாலையிலிருந்து எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளில் பெரும்பாலானவை ஒரே விஷயத்தைத்தான் சொல்லின. “அடித்தது தப்புதான் மேடம், ஆனால் அந்த முடிவும் தப்பு.” இந்த ‘ஆனால்’ என்னைத் தூங்கவிடவில்லை. ஒரு பெண் பிள்ளையின் கழுத்துக் கயிற்றை வளர்ந்த ஆள் ஒருவர் பிடித்து இழுத்திருக்கிறார். அதற்குப் பக்கத்தில் வைத்துப் பேசுவதற்கு ஒரு பெனால்டிக்கு என்ன தகுதி இருக்கிறது?

இருந்தாலும் கேட்டவர்களுக்குப் பதில் சொல்கிறேன். முடிவு தவறாகவே இருந்திருக்கலாம். நடுவர்கள் தவறு செய்வார்கள். கண் ஏமாறுகிற விதம் அப்படி. 2000ஆம் ஆண்டில் நெதர்லாந்து ஆய்வாளர்கள் ஆஃப்சைடு (சக வீரர் பந்தை உதைக்கும் நொடியில், தாக்கும் வீரர் எதிரணியின் கடைசித் தடுப்பாட்டக்காரரை முந்தி நிற்பது) முடிவுகளை ஆராய்ந்தபோது, ஓரத்தில் கொடி பிடிக்கும் தேர்ந்த உதவி நடுவர்கள்கூடக் கடைசித் தடுப்பாட்டக்காரருக்கு நேர்க்கோட்டில் நிற்காமல் ஒரு மீட்டர் அளவுக்குத் தள்ளி நின்றுவிடுவதாலேயே பல கொடிகள் தவறாக உயர்வதைக் கண்டார்கள். பார்க்கும் கோணம் மாறினால், சமமாக நிற்கிறவர் முந்தி நிற்பதாகத் தெரியும். பயிற்சி பெற்று, அந்தக் கோட்டிலேயே ஓடிக்கொண்டிருக்கிறவருக்கே இந்த நிலை. மரத்தடியில் நின்று, தன் மகனை மட்டுமே பார்த்துக்கொண்டிருக்கும் தகப்பனாருக்கு எவ்வளவு தெரிந்துவிடும்? தொலைக்காட்சியில் வரும் ஆட்டங்களுக்கு இரண்டு உதவி நடுவர்கள், நான்காவது நடுவர், திரையைப் பார்த்துச் சொல்ல ஒரு தனிக் குழு. அத்தனை இருந்தும் மறுநாள் வரை சர்ச்சை ஓய்வதில்லை. நம் மைதானத்தில் இருப்பதோ ஒரே ஒரு ஆள், ஒரு விசில், ஒரு கைக்கடிகாரம்.

கால்பந்தின் ஐந்தாவது விதி, ஆட்டத்தில் நடந்தவை பற்றிய நடுவரின் முடிவே இறுதியானது என்கிறது. ஆட்டம் மறுபடி தொடங்கிவிட்டால், தவறு என்று தெரிந்தாலும் அவரால் அதை மாற்ற முடியாது. கபடியோ கைப்பந்தோ, களத்தில் யாரோ ஒருவருடைய தீர்ப்பை ஏற்றுக்கொண்டுதான் அடுத்த நொடி ஆட்டம் நகர முடியும். புகார் இருந்தால் அதற்கு வழி இருக்கிறது. பயிற்சியாளரிடமோ உடற்கல்வி ஆசிரியரிடமோ சொல்லுங்கள். போட்டி அமைப்பாளர்களுக்கு எழுத்தில் அனுப்புவது எங்கள் பொறுப்பு.

“பெரிசா என்ன பண்ணிட்டோம், ஓரமா நின்னு சத்தம்தானே போட்டோம்” என்கிறவர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். 2002இல் வெளியான ஓர் ஆய்வில், தகுதி பெற்ற நடுவர்கள் 40 பேருக்கு ஒரே ஆட்டத்தின் காட்சிகளைக் காட்டினார்கள். ஒரு பகுதியினர் ரசிகர்களின் சத்தத்தோடு பார்த்தார்கள், மீதிப் பேர் சத்தமே இல்லாமல் பார்த்தார்கள். சத்தத்தோடு பார்த்தவர்கள் சொந்த மைதான அணிக்கு எதிராகக் கொடுத்த ஃபவுல்கள் 15.5 சதவீதம் குறைவு. முடிவெடுப்பதில் அவர்களுக்குத் தயக்கமும் அதிகமாக இருந்தது. ஆக, கத்தினால் பலன் கிடைக்கத்தான் செய்கிறது. அதனால்தான் அதை நான் இவ்வளவு கடுமையாக எடுத்துக்கொள்கிறேன். அனுபவசாலிகளையே தடுமாறவைக்கும் கூச்சலை 17 வயதுப் பிள்ளை மீது ஏவிவிட்டு வாங்கிய வெற்றியில் நம் பிள்ளைகளின் உழைப்பு எவ்வளவு, நம் தொண்டையின் பங்கு எவ்வளவு? பிள்ளைகளுக்கு இது தெரியாமல் இல்லை. தங்களுக்குள் அவர்கள் இதை ‘அழுகுணி ஆட்டம்’ என்பார்கள்.

வாய் நீண்ட இடத்தில் கை நீள அதிக நேரம் ஆகாது. 2012 டிசம்பரில் நெதர்லாந்தின் அல்மேரே நகரில் சிறுவர்களுக்கான கால்பந்து ஆட்டம் ஒன்று நடந்தது. அதில் தன்னார்வலராகக் கொடி பிடித்தவர் 41 வயதுத் தகப்பனார் ஒருவர். அவருடைய மகனும் அந்த அணியில் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் எதிரணி இளைஞர்கள் அவரைத் துரத்தித் தாக்கினார்கள். மறுநாள் இறந்துபோனார். அடுத்த வார இறுதியில் அந்த நாட்டுக் கால்பந்துச் சங்கம் அமெச்சூர் ஆட்டங்கள் அனைத்தையும் ரத்து செய்தது. 2013இல் நீதிமன்றம் தண்டித்தவர்களில் ஆறு பேர் பதின்வயதினர். ஏழாவது ஆள், அந்தப் பையன்களில் ஒருவனின் தகப்பனார். அதே 2013 ஏப்ரலில் அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், மஞ்சள் அட்டை காட்டிய நடுவரை 17 வயது வீரன் ஒருவன் ஒரே ஒரு குத்து விட்டான். ஒரு வாரம் நினைவு திரும்பாமலே கிடந்து அவரும் இறந்தார். இரண்டுமே பரிசுப் பணமோ பெரிய கோப்பையோ இல்லாத சாதாரண ஆட்டங்கள். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. நம் மைதானத்தில் கயிற்றைப் பிடித்த கை எந்த வழியில் போய்க்கொண்டிருந்தது என்பதை நீங்கள் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

திங்கட்கிழமை நடந்ததையும் சொல்லிவிடுகிறேன். விளையாட்டு வகுப்பில் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் தங்களுக்குள் ஆடிக்கொண்டிருந்தார்கள். நடுவராக நின்றவன் ஒன்பதாம் வகுப்பு மாணவன். ‘த்ரோ’ யாருக்கு என்று அவன் கை காட்டியதும் நாலைந்து பேர் சூழ்ந்துகொண்டார்கள். ஒருவன் அவன் சட்டைக் காலரைப் பிடித்தான். சனிக்கிழமை கேட்ட அதே வார்த்தை, அதே தொனியில், பதினொரு வயதுக் குரலில் வந்தது. அந்த ஒன்பதாம் வகுப்பு மாணவன் இனி நடுவராக நிற்க மாட்டேன் என்று உடற்கல்வி ஆசிரியரிடம் விசிலைத் திருப்பிக் கொடுத்துவிட்டான். நன்றாக விதி தெரிந்த, யாருக்கும் சாயாத பையன். அவனைச் சமாதானப்படுத்த இன்னும் முயன்றுகொண்டிருக்கிறோம்.

இப்படித்தான் நடுவர்கள் இல்லாமல் போகிறார்கள். புதிதாக வருகிறவர்களுக்குச் சின்னப் பிள்ளைகளின் ஆட்டங்களைத்தான் கொடுப்பார்கள். பெற்றோர் கூட்டம் கோட்டை ஒட்டி நெருங்கி நிற்பதும் அங்கேதான். கற்றுக்கொள்ள வேண்டிய முதல் சில ஆட்டங்களிலேயே அவமானப்பட்டு வீட்டுக்குப் போனால், எந்தப் பிள்ளை மறுவாரம் திரும்பி வரும்? இங்கிலாந்தில் 2023 முதல் உள்ளூர் ஆட்ட நடுவர்கள் சிலர் மார்பில் கேமரா பொருத்திக்கொண்டு களமிறங்கும் சோதனை முயற்சி நடந்தது. பொழுதுபோக்குக்காக ஆடும் ஆட்டத்துக்குப் போகிறவருக்கு, கலவரத்துக்குப் போகும் காவலரின் கருவி தேவைப்படுகிறது. நம் பள்ளி அந்த நிலைக்குப் போக நான் சம்மதிக்க மாட்டேன்.

மஞ்சள் அட்டையும் சிவப்பு அட்டையும் ஒரு தலைமையாசிரியரின் யோசனை என்பது உங்களில் பலருக்குத் தெரியாமல் இருக்கலாம். கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயர் பள்ளித் தலைமையாசிரியராகவும் சர்வதேச நடுவராகவும் இருந்தவர். 1962 உலகக் கோப்பையில் சிலி, இத்தாலி அணிகள் அடித்துக்கொண்ட ஆட்டத்தில் விசில் ஊதியவர் அவர்தான். காவல்துறை மைதானத்துக்குள் வர வேண்டியிருந்தது. 1966 உலகக் கோப்பையில், நடுவர் யாரை எச்சரித்தார் என்பதே வீரர்களுக்குப் புரியாமல் குழப்பம் வந்தது. அதற்குப் பிறகு, போக்குவரத்து விளக்கைப் பார்த்து அவருக்கு வந்த எண்ணம்தான் அந்த அட்டைகள். 1970 மெக்சிகோ உலகக் கோப்பையில் அவை நடைமுறைக்கு வந்தன. மொழி தெரியாதவருக்கும் புரிய வேண்டும், யாரும் குரலை உயர்த்த வேண்டியதில்லை. ஆசிரியராக இருந்த ஒருவருக்கு இது தோன்றியதில் எனக்கு வியப்பில்லை. ஆனால் கோட்டுக்கு வெளியே நிற்கும் பெற்றோர் கூட்டத்துக்கு அந்த அட்டைகள் போதவில்லை. ஆகவே நாம் சில ஏற்பாடுகள் செய்ய வேண்டியிருக்கிறது.

அடுத்த ஆட்டத்திலிருந்து, மைதானக் கோட்டுக்குப் பின்னால் சில அடிகள் தள்ளி இன்னொரு வெள்ளைக்கோடு போடப்படும். பெற்றோரும் மற்ற மாணவர்களும் அதற்குப் பின்னால்தான் நிற்க வேண்டும். கோல் கம்பத்துக்குப் பின்புறம் யாரும் நிற்கக் கூடாது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் ஆசிரியர் ஒருவர் பார்வையாளர் பகுதிக்குப் பொறுப்பாக இருப்பார். நடுவரைத் தனிப்பட்ட முறையில் திட்டும் முதல் வார்த்தையிலேயே அவர் உங்களிடம் வந்து பேசுவார். தயவுசெய்து அவரிடம் வாதாடாதீர்கள். களத்தில் நம் அணித்தலைவர் மட்டும்தான் நடுவரிடம் பேசலாம், அதுவும் மரியாதையாக.

ஜெர்மனியில் 2024-25 பருவத்திலிருந்து ஒரு முறை இருக்கிறது. நிலைமை கை மீறுவதாகத் தோன்றினால் நடுவர் இரு கைகளையும் தலைக்கு மேல் குறுக்காக உயர்த்துவார். இரு அணியினரும் தங்கள் பெனால்டி பகுதிக்குப் போய்விட வேண்டும். நடுவர், அணித்தலைவர்களையும் பயிற்சியாளர்களையும் அழைத்துப் பேசிய பிறகே ஆட்டம் தொடரும். மூன்றாவது முறை அந்தச் சைகை வந்தால் ஆட்டம் முடிந்தது. நம் மைதானத்திலும் இதையே கடைப்பிடிக்கப் போகிறோம். ஒரே ஒரு மாற்றம்: சைகைக்குக் காரணம் நம் தரப்புப் பெற்றோர் என்றால், அவர் மைதானத்தை விட்டு வெளியேறும் வரை நம் அணி ஆடாது. மறுத்தால், ஆட்டத்தை நாமே விட்டுக்கொடுத்துவிடுவோம். இதில் ஆடுகிற பிள்ளைகளுக்கு அநியாயம் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எதிரே நிற்கும் நடுவரும் ஒரு பிள்ளை என்பதால் இந்த முடிவுக்கு வந்தேன்.

யாராவது நடுவர் மீது கை வைத்தால் பள்ளி சமரசம் பேசாது. காவல்துறையில் புகார் கொடுப்போம். சனிக்கிழமைச் சம்பவத்தில், அந்த மாணவியும் அவருடைய பெற்றோரும் என்ன முடிவெடுத்தாலும் பள்ளி அவர்கள் பக்கம் நிற்கும். சம்பந்தப்பட்ட இரு பெற்றோரிடமும் தனித்தனியே பேசிவிட்டேன். இந்தப் பருவம் முடியும்வரை அவர்கள் போட்டிகளுக்கு வர அனுமதி இல்லை. அவர்களுடைய பிள்ளைகளை இதைச் சொல்லி யாரும் கேலி செய்யக் கூடாது என்று எல்லா வகுப்புகளிலும் சொல்லியிருக்கிறோம். வீட்டில் நீங்களும் சொல்லுங்கள். அந்தப் பிள்ளைகள் ஏற்கெனவே தலைகுனிந்துதான் நடக்கிறார்கள்.

அவசரமாக ஒன்று. அந்தச் சம்பவத்தின் காணொளி பெற்றோர் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அதில் நடுவரின் முகம் தெளிவாகத் தெரிகிறது. 18 வயது நிரம்பாதவர். அதற்குக் கீழே சிலர் சிரிப்புப் படங்கள் போட்டிருப்பதையும் பார்த்தேன். இன்றே அழித்துவிடுங்கள், யாருக்கும் அனுப்பாதீர்கள். விசாரணைக்குத் தேவையான பிரதி பள்ளியிடம் இருக்கிறது.

மைதானத்தில் வாயைத் திறக்கவே கூடாது என்று சொல்லவில்லை. கைதட்டுங்கள், உங்கள் பிள்ளை பெயரைச் சொல்லி உற்சாகப்படுத்துங்கள், எதிரணிப் பிள்ளை நல்ல கோல் போட்டால் அதற்கும் சத்தம் போடுங்கள். ஆட்டம் முடிந்ததும் வண்டியில் போகும்போது நடுவரைப் பற்றிப் பேச்செடுக்காமல், பிள்ளை ஆடிய ஆட்டத்தைப் பற்றிக் கேளுங்கள்.

வரும் மாதம் உடற்கல்வி ஆசிரியர் பெற்றோருக்காக விதிமுறை வகுப்பு ஒன்று நடத்துகிறார். ஒரு சனிக்கிழமை காலை, ஒன்றரை மணி நேரம். பயிற்சி ஆட்டம் ஒன்றில் விரும்பியவர்கள் கொடி பிடித்தும் விசில் ஊதியும் பார்க்கலாம். நடுவர்களைக் கடுமையாகக் குறை சொல்கிறவர்கள் முதலில் வர வேண்டும் என்று விரும்புகிறேன். ஒன்பதாம் வகுப்புக்கு மேல் படிக்கும் மாணவ மாணவியரில் நடுவர் பயிற்சிக்குப் பெயர் கொடுக்க விரும்புகிறவர்களுக்கும் அன்றே பதிவு நடக்கும்.

இத்துடன் உள்ள ஒப்புகைச் சீட்டில் பெற்றோர் இருவரும், அல்லது பாதுகாவலர், கையெழுத்திட்டு வெள்ளிக்கிழமைக்குள் வகுப்பாசிரியரிடம் கொடுத்தனுப்புங்கள். சீட்டு வராத பிள்ளைகள் பயிற்சியில் கலந்துகொள்ளலாம். போட்டியில் ஆட, சீட்டு வந்து சேர வேண்டும். கேள்வி இருந்தால் பள்ளி நேரத்தில் எப்போது வேண்டுமானாலும் என்னை வந்து பாருங்கள்.

இப்படிக்கு,
தலைமையாசிரியர்