மெமோ கொடுப்பதற்கு முன்

அன்புத் தோழிக்கு,

நலம். நீ மேலாளர் ஆன சேதி கேட்டு எனக்கு அவ்வளவு சந்தோஷம். வீட்டுச் செய்தியெல்லாம் அடுத்த கடிதத்தில். உன்னிடம் வேலை பார்க்கும் அந்தப் பெண்ணைப் பற்றி நீ எழுதியது மனதை விட்டுப் போகவில்லை, அதனால் உடனே எழுதுகிறேன்.

தாமதமாக வருகிறாள், மெமோ கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறாய். சாப்பிடும்போதுகூட அவள் போனைக் கீழே வைப்பதில்லை, சம்பளம் வந்த அன்றே கணவர் கணக்குக்குப் போய்விடுகிறது, சாயங்காலம் ஐந்து நிமிடம் பிந்தினாலும் பதறுகிறாள் என்றும் எழுதியிருக்கிறாய். எனக்கு உறுத்துவது இவைதான். வீட்டில் கணவர் கொடுமைப்படுத்துகிறாரோ என்று தோன்றுகிறது. காயம் தெரிந்தால்தான் குடும்ப வன்முறை என்றில்லை. பணத்தைப் பிடுங்குவது, வேலைக்குக் கிளம்பும் நேரம் பார்த்துச் சண்டை இழுப்பது, பக்கத்தில் யார் என்று போட்டோ அனுப்பச் சொல்வது எல்லாம் அதில் சேர்ந்தவையே. ஆண்களுக்கும் இது நடக்கிறது, அவர்கள் வாய் திறப்பது இன்னும் அரிது. ஆனாலும் வேறு காரணம் இருக்கலாம். நீயே முடிவு கட்டிவிடாதே.

தனியாகக் கூப்பிட்டு, "கொஞ்ச நாளாகச் சோர்வாகத் தெரிகிறீர்கள். வீட்டில் பத்திரமாக இருக்கிறீர்களா?" என்று கேள். ஒன்றுமில்லை என்றால் தோண்டாதே. எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று சொல்லி வை.

சொன்னாள் என்றால் நம்பு. "விட்டுட்டு வந்துடு" என்று மட்டும் சொல்லிவிடாதே. பிரியும் சமயமும் அதற்கடுத்த மாதங்களும்தான் பலருக்கு அதிக ஆபத்து. எப்போது, எப்படி என்பதை அவள்தான் தீர்மானிக்க வேண்டும். கணவரைக் கூப்பிட்டுச் சமாதானம் பேசும் வேலையும் வேண்டாம், அன்று ராத்திரி அனுபவிக்கப்போவது அவள். இது பற்றி வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எதுவும் அனுப்பாதே. அவள் போனை யார் பார்க்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது.

உன் கையில் இருப்பது வேலை நேரமும் இடமும். அவள் கேட்டால் ஷிப்டை மாற்று, வாசலுக்கு எதிரே இல்லாத இருக்கை கொடு, சம்பளம் அவள் பெயரில் உள்ள தனிக் கணக்குக்குப் போகட்டும். மேலிடம் "வீட்டு விவகாரம் நமக்கெதற்கு" என்றால், சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 2019ஆம் ஆண்டு 190ஆம் உடன்படிக்கையைக் காட்டு. குடும்ப வன்முறை வேலையைப் பாதிப்பதை அதுவே ஏற்கிறது. பிலிப்பைன்ஸில் 2004 முதலே பாதிக்கப்பட்ட பெண்களுக்குச் சம்பளத்துடன் 10 நாள் விடுப்பு சட்டத்தில் இருக்கிறது.

அவள் சம்மதமில்லாமல் யாரிடமும் பேசாதே. உயிருக்கு ஆபத்து என்றால் மட்டுமே விதிவிலக்கு. உதவி எண், தங்குமிடம், வழக்கறிஞர் விவரங்களை அவளைக் கூப்பிடும் முன்பே விசாரித்து வை. பேசிய பிறகு எனக்கு எழுது, அவள் பெயர் வேண்டாம்.

அன்புடன்,
உன் தோழி