"பேப்பர் கிளியர்"னா என்னங்க அர்த்தம்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம். உங்க பேப்பர்ல ஞாயித்துக்கிழமை வர்ற வரி விளம்பரத்த நம்பி காரிமங்கலத்துலேர்ந்து கிருஷ்ணகிரி வரைக்கும் போயிட்டு வந்த வாசகன் நான். "1969 ஸ்டாண்டர்ட் ஹெரால்டு, 4 டோர், ரன்னிங் கண்டிஷன், பேப்பர் கிளியர், 2,40,000"ன்னு போட்டிருந்துச்சு. இத படிச்சதும் எனக்கு ரெண்டு நாளு தூக்கமே இல்லைங்க, ஏன்னா நான் சின்ன பையனா இருக்கும்போது எங்க ஊர் டாக்டர்கிட்ட இதே வண்டிதான் இருந்துச்சு, மாட்டு வண்டியே திரும்ப முடியாத சந்துல ஒரே ஒடிப்புல திரும்பி போவாரு, பானெட்ட தூக்குனா மட்கார்டோட சேர்ந்து முன்பக்கம் மொத்தமா சாயும், பசங்க நாங்க சுத்தி நின்னு பாப்போம். மெட்ராஸ்ல வண்டலூர் பக்கம் 1961லேர்ந்து செஞ்ச வண்டி. அதுலயும் நாலு கதவு ஹெரால்டு நம்ம நாட்டுல மட்டும்தான் வந்துச்சு, வெள்ளக்காரனுக்கே கிடைக்கல. வீட்டம்மா "இருக்கற வண்டிக்கே பெட்ரோல் போட முடியல, இதுல காயலான் கடை சாமான் வேற"ன்னாங்க. நான் காதுலயே வாங்கல.

நல்லவேளை தெரிஞ்ச மெக்கானிக் பாய கூட்டிட்டு போனேன். பைபாஸ் ஓரம் ஒரு ஷெட்டு. வெளிய பாத்தா வண்டி பளபளன்னு கல்யாண மாப்பிள்ளையாட்டம் நிக்குது. பாய் வண்டிய ஸ்டார்ட்டே பண்ண சொல்லலைங்க. பாக்கெட்லேர்ந்து ஒரு காந்தத்த எடுத்து துணில சுத்தி கதவுக்கு கீழ் பாதில வச்சாரு, வழுக்கிட்டு கீழ விழுந்துடுச்சு, தகரத்துக்கு மேல அவ்வளவு பட்டி பூசியிருக்கு. அப்புறம் தரை மேட்ட தூக்கி பாத்தாரு, சீட்டுக்கு அடில ஸ்பிரிங் எல்லாம் துரு, டேஷ்போர்டுக்கு உள்ள பக்கம் வண்டல் மண்ணு காஞ்சு கோடு மாதிரி நிக்குது. "அண்ணா, இது தண்ணி குடிச்ச வண்டி"ன்னு மெதுவா சொன்னாரு. புரோக்கர்கிட்ட கேட்டா அவரு கூச்சமே படல, "ஆமா சார், 2015 சென்னை வெள்ளத்துல நின்ன வண்டி, ரிப்பேருக்கு கட்டுப்படியாகாதுன்னு இன்ஷூரன்ஸ்ல டோட்டல் லாஸ் போட்டு செட்டில் பண்ணிட்டாங்க, ஏலத்துல எடுத்தது, ஆனா ஆர்.சி உயிரோட இருக்கு சார், எஃப்.சி 2027 வரைக்கும் இருக்கு"ங்கறாரு. செத்த வண்டிக்கு உயிரோட இருக்கற ஆர்.சி!

எனக்கு அப்பவும் ஆசை விடல. பாய்கிட்ட உண்மைய சொல்லுங்க, இது தேறுமான்னு கேட்டேன். அவரு சொன்னதுதான் எனக்கு ஆச்சரியம். இதே அம்பாசிடரோ பத்மினியோ அடி அரிச்சிருந்தா தொடவே வேண்டாம்பாராம், அதுக்கெல்லாம் பாடிதான் எலும்பு, அடில தாங்கற சட்டம், அதாவது சேஸ், தனியா கிடையாது. ஹெரால்டுக்கு சேஸ் தனி, பாடி தனி, போல்ட்ட கழட்டுனா பாடி துண்டு துண்டா வந்துடும், வெட்டி ஒட்டி சரி பண்ணிடலாம். கம்ப்யூட்டரா இருக்கு கெட்டு போக, நாலு ஒயருதான், மாத்திக்கலாம். சேஸ்லேர்ந்து ரெண்டு பக்கமும் நீட்டிகிட்டு பாடிய தாங்கற கை இருக்கு பாருங்க, அங்க ஸ்க்ரூடிரைவரால தட்டுனாரு, ரெண்டு இடத்துல உள்ள இறங்கிடுச்சு, அதுக்கும் வெல்டிங் இருக்குன்னாரு. விலைய பாதியா குறைச்சா இரும்ப பொறுத்தவரைக்கும் எடுக்கலாம்னுட்டாரு.

ஆனா பேப்பர்ல மாட்டுச்சு. இன்ஜின் நம்பர் ஆர்.சில இருக்கறது வேற, வண்டில இருக்கறது வேற. வேற ஏதோ வண்டி இன்ஜின தூக்கி வச்சிருக்காங்க. சேஸ் நம்பர பென்சில் வச்சு தேய்ச்சு எடுத்தா அந்த இடமே கிரைண்டர் பட்ட மாதிரி இருக்கு. பேரு மாத்தற ஃபார்ம் 29, 30ல பழைய ஓனர் கையெழுத்து மட்டும் இருக்கு, மத்ததெல்லாம் வெத்து. அந்த சென்னைக்காரரு காச வாங்கிட்டு நிம்மதியா இருப்பாரு பாவம், தன் பேருல ஒரு வண்டி இங்க நிக்குதுன்னே தெரியாது. டோட்டல் லாஸ் வண்டியோட ஆர்.சிய வாங்கி திருட்டு வண்டிக்கு அந்த நம்பர குத்தி விக்கறது இந்த தொழில்ல பழைய வித்தைங்க, இது அப்படியா இல்ல ரிப்பேர் பண்ணுன லட்சணமான்னு நான் எப்படி கண்டுபிடிக்கறது?

மொபைல்ல பரிவாகன் ஆப்ல நம்பர போட்டு பாத்தேன், பேரு, ரிஜிஸ்டர் பண்ண தேதி, எஃப்.சி, இன்ஷூரன்ஸ் எல்லாம் வருது, டோட்டல் லாஸ்ங்கற விஷயம் மட்டும் எங்கயும் இல்ல. வண்டி இனிமே ஓடவே ஓடாதுன்னா ஓனர் 14 நாளுக்குள்ள ஆர்.டி.ஓவுக்கு சொல்லணும்னு மோட்டார் வாகன சட்டம் 55ஆவது பிரிவுல இருக்கு. ஆனா ரிப்பேர் செலவு ஐ.டி.வில, அதாவது இன்ஷூரன்ஸ்ல வண்டிக்கு போட்டிருக்கற மதிப்புல, 75 சதவீதத்துக்கு மேல போனாலே இன்ஷூரன்ஸ்ல டோட்டல் லாஸ் ஆயிடும், அந்த வண்டிய தேத்தி ஓட்டலாம், ஓட்டறாங்க. சட்டத்துக்கு சாகல, இன்ஷூரன்ஸுக்கு செத்துடுச்சு, இந்த ரெண்டுக்கும் நடுவுலதான் புரோக்கர் கடை போட்டிருக்காரு.

அமெரிக்கால இருக்கற என் அக்கா பையன்கிட்ட போன்ல புலம்புனேன். அவனும் அறுபதுகள்ல வந்த மஸ்டாங் ஒண்ணு பாத்துகிட்டு இருக்கான், அதுவும் இதே கேஸுதான், ஆனா அங்க வண்டி பத்திரத்துலயே "சால்வேஜ்"னு அடிச்சிடறாங்களாம், சரி பண்ணி இன்ஸ்பெக்‌ஷன் முடிச்சா "ரீபில்ட்"னு மாறும், அந்த கறை போகாது. அங்கயும் வேற மாநிலத்துக்கு கொண்டு போய் அந்த முத்திரைய கழுவற ஆளுங்க இருக்காங்களாம், 1981க்கு முந்துன வண்டிக்கு 17 எழுத்து சேஸ் நம்பரும் கிடையாது, அதனால பழைய காருக்கு தேடறது கஷ்டம்னான். இருந்தாலும் "மாமா, நான் தெரிஞ்சு வாங்கறேன், நீங்க தெரியாம வாங்குவீங்க"ன்னான் பாருங்க, சுருக்குன்னுச்சு.

50 வருஷம் தாண்டுன வண்டிக்கு விண்டேஜ்னு வி.ஏ நம்பர் குடுக்கறாங்களே, அதுல போட்டுக்கலாம்னு புரோக்கர் ஆசை காட்டுனாரு. 2021ல வந்த விதி அது, பத்து வருஷத்துக்கு 20,000 ரூபா. ஆனா சேஸு, பாடி, இன்ஜின் எல்லாம் பழையபடியே இருக்கணும், தினம் ரோட்டுல ஓட்டவும் கூடாது, கண்காட்சி, ராலின்னா எடுக்கலாம். இன்ஜினே மாத்துன வண்டிக்கு அது எப்படிங்க கிடைக்கும்.

2024 டிசம்பர்ல ஊத்தங்கரைல ஒரே நாள்ல 50 செ.மீ. மழை கொட்டி ரோட்டோரம் நின்ன வண்டிங்க அடிச்சுகிட்டு போனத டிவில எல்லாரும் பாத்தோம். அதுல எது எங்க பெயிண்ட் அடிச்சுகிட்டு நிக்குதோ தெரியல. ஆர்.சில ஒரு வரி சேக்கறது கவர்மெண்ட் வேலை, அது எப்ப நடக்குமோ. உங்களால முடிஞ்சத கேக்கறேன்: பழைய கார் விளம்பரம் வாங்கும்போதே "டோட்டல் லாஸ் ஆன வண்டியா, இன்ஜின் நம்பர் ஆர்.சியோட ஒத்து போகுதா"ன்னு ரெண்டு கேள்வி கேட்டு அந்த பதிலையும் சேர்த்து போடுங்க. பொய் சொன்னா அச்சுல மாட்டிக்குவான்.

நான் வாங்கல. இந்த வாரம் அதே விளம்பரம் திரும்ப வந்திருக்கு, விலை 2,10,000 ஆயிருக்கு, "சிங்கிள் ஓனர்"னு புதுசா சேத்திருக்காரு. அது உண்மைதாங்க, ஆர்.சில இன்னும் அந்த சென்னைக்காரர் பேருதான் இருக்கு.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
காரிமங்கலம், தருமபுரி மாவட்டம்