காதடைப்பான் தந்த அக்காவுக்கு

முதன்முறையாக ஒரு நடன இரவுக்குத் தனியாகச் சென்று, ஒலிபெருக்கியின் அருகே என்ன செய்வதென்று அறியாமல் நின்றிருந்த எனக்கு, தம் பையிலிருந்து ஒரு சோடி காதடைப்பான்களை எடுத்துத் தந்த, பெயர் கேட்க மறந்துபோன அந்த அக்காவுக்கு என் மனமார்ந்த நன்றி. அவற்றை அணிந்த பிறகே இரைச்சல் விலகி இசை தெளிந்தது. டிஜே ஒரு காதில் மட்டும் ஹெட்ஃபோனை வைத்து, அடுத்த பாடலின் வேகத்தைச் சிறுகச் சிறுக நகர்த்தி, இரண்டு தாளங்களும் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தும் வரை காத்திருப்பதை அவர்தான் விரல் நீட்டிக் காட்டினார். நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 முதல் 130 தாள அடிகள் விழும் ஹவுஸ் என்ற அந்த நடன இசையின் பெயர், 1977இல் சிகாகோவில் திறக்கப்பட்டு, ஃபிராங்கி நக்கிள்ஸ் என்ற டிஜே இசைத்துவந்த வேர்ஹவுஸ் கிளப்பிலிருந்து வந்தது என்பதையும், வெளியே காற்று வாங்க நின்றபோது அவரிடமே அறிந்தேன்.

பின்னர் அவர் சொன்ன சிறிய அரங்கு ஒன்றுக்குச் சென்றேன். சுயாதீன இசைக்குழு ஒன்று பாடி முடித்ததும், ஒருவர் மைக்கை ஒலிபெருக்கியின் பக்கம் மெல்லத் திருப்பி, எழுந்த கீச்சொலியையே ஏற்றி இறக்கி இசையாக்கினார். "பிடிக்காவிட்டாலும் பத்து நிமிடம் உட்கார்ந்து கேளும்மா" என்று அக்கா சொல்லியிருந்ததால் அமர்ந்திருந்தேன். அரங்கின் விளக்குகள் எரியும் வரை எழவே மனம் வரவில்லை. அந்தக் காதடைப்பான்களின் சிறு டப்பா இன்றும் என் சாவிக்கொத்தில்தான் இருக்கிறது, அக்கா.