விழுந்த ஹெல்மெட்டை விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற வருடம் களுத்துறைப் பக்கம் கட்டுக்குருந்தவில் பைக் பந்தயப் பயிற்சி ஓட்டத்தின்போது வளைவில் முன் பிரேக்கை அழுத்திப் பிடித்துவிட்டேன். விழுந்ததில் இடது காறை எலும்பு முறிந்தது. ஆறு கிழமை கல்லடி வீட்டு விறாந்தையில்தான் இருந்தேன். சேட்டுப் பொத்தானைக்கூட அம்மாதான் பூட்டிவிட்டா. கை தேறியதும் தம்பியும் நானுமாக பைக்கைக் கழற்றி, வளைந்த முன் ஃபோர்க், கிளச் லீவர், ரேடியேட்டர் எல்லாம் மாற்றினோம். அது சரி, இரும்பு மாற்றக்கூடியது.

ஹெல்மெட்டுக்காகத்தான் எழுதுகிறேன். வெளியே இரண்டு விரல் அகலத்துக்கு ஒரு கீறல், அவ்வளவுதான். உள்துணியைக் கழற்றிப் பார்த்தால் அந்த இடத்து ரெஜிஃபோம் நுரை நசுங்கிப் பள்ளமாகக் கிடந்தது. அடியை வாங்கிக்கொள்வது அந்த நுரைதான். ஒருமுறை நசுங்கினால் மீளாது. சில நேரம் கண்ணுக்கே தெரியாது. “பெயின்ட் அடித்து விற்கலாமே” என்று மூன்று பேர் கேட்டார்கள். நான் பட்டியை அறுத்து, வெளிக்கூட்டை வாளால் அரிந்து இரண்டாகப் பிளந்துதான் எறிந்தேன்.

பூசி விற்கும் கடைக்காரர்களே, தயவுசெய்து நிறுத்துங்கள். பிள்ளைக்கு ஹெல்மெட் வாங்கும் பெற்றோர் புதிதாகவே வாங்குங்கள்.

ஒரு வாசகர்,
கல்லடி, மட்டக்களப்பு.