டேப்பைச் சேலைக் கட்டின் மேல் வைக்காதீர்கள்

தமிழ்நாடு பொது சுகாதாரத் துறையின் தொற்றா நோய்த் திட்ட அலுவலர்களுக்கு,

வணக்கம். 30 வயதைக் கடந்தவர்களுக்குச் சர்க்கரை நோய் போன்றவை வரும் ஆபத்தை மதிப்பெண்ணாகக் கணிக்கப் பணியாளர்கள் நிரப்பும் சி-பேக் படிவத்தில் இடுப்புச் சுற்றளவு கேட்கப்படுகிறது. பெண்களுக்கு 80 சென்டிமீட்டரையும் ஆண்களுக்கு 90ஐயும் தாண்டினால் மதிப்பெண் ஏறும். படிவத்திலேயே அதிகம் அக்கறை கோருவது அந்த எண்தான்.

எடைக் கருவி கொழுப்பு எங்கே சேர்ந்திருக்கிறது என்று சொல்லாது. 2004இல் இந்தியரான யாஜ்னிக், ஆங்கிலேயரான யுட்கின் என்ற இரு மருத்துவர்கள் தங்களையே ஒப்பிட்டு வெளியிட்டார்கள். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பிஎம்ஐ இருவருக்கும் 22.3. உடற்கொழுப்போ ஆங்கிலேயருக்கு 9.1 சதவீதம், இந்தியருக்கு 21.2.

தோலுக்கடியில் உள்ள கொழுப்புத் திசு ஒரு பத்தாயம். மிஞ்சிய சக்தியைத் தன்னிடம் வாங்கிவைத்து மற்ற உறுப்புகளைக் காக்கிறது. அது நிரம்பினால் செல்கள் உப்புகின்றன, ஆக்சிஜன் போதாமல் சில சாகின்றன, அவற்றைச் சுற்றி மேக்ரோபேஜ்கள் என்ற நோயெதிர்ப்புச் செல்கள் குவிந்து அழற்சி மூள்கிறது. வழியும் கொழுப்பு குடலைச் சுற்றியும் ஈரலிலும் தசையிலும் படிய, இன்சுலினுக்கு அவை மசிவதில்லை. கொழுப்புத் திசுவே இல்லாமல் பிறக்கும் லிப்போடிஸ்ட்ரோபி நோயாளிகளுக்கு, மெலிந்த உடலிலும் கொழுப்பு ஈரலும் கடும் சர்க்கரை நோயும் வருவது இதனால்தான்.

‘இடுப்பு’ என்ற சொல்லிலேயே பிழை தொடங்குகிறது. இடுப்பு என்றதும் கை போவது கொசுவம் செருகும் இடத்துக்கு. தொந்தி உள்ள ஆண்கள் வேட்டியைத் தொந்திக்குக் கீழே கட்டுவார்கள். அங்கே அளந்தால் எண் குறையும். துணி மடிப்பின் மேல் அளந்தால் கூடும். கடைசி விலா எலும்பின் கீழ் விளிம்பையும் இடுப்பெலும்பின் மேல் விளிம்பையும் பக்கவாட்டில் விரலால் தடவிக் கண்டுபிடித்து, இரண்டுக்கும் நடுவே பேனாவால் குறியிட வேண்டும். பாதங்களைச் சேர்த்து நிற்கவைத்து, டேப்பைத் தரைக்கு இணையாகச் சுற்றி, இயல்பாக மூச்சுவிட்டு முடிக்கும்போது படிக்க வேண்டும். அளவு எடுக்கிறார்கள் என்றாலே வயிற்றை எக்குவது எல்லோருக்கும் வழக்கம். பேச்சுக் கொடுத்தபடி அளந்தால் அது தளரும். இருமுறை அளந்து, 1 சென்டிமீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் மறுபடி அளக்கட்டும்.

தையல்காரர் டேப் நாளடைவில் இழுபடும். இழுபடாத டேப் கொடுங்கள். மாதம் ஒருமுறை இரும்பு ஸ்கேலோடு ஒப்பிடச் சொல்லுங்கள். பெண்களை வாசலில் நிறுத்தி அளக்க முடியாது. உள்ளறையில் அளக்கும் அளவுக்குப் பணியாளர்களுக்கு நேரம் ஒதுக்குங்கள்.

கடைசியாக, மதிப்பெண்ணோடு சென்டிமீட்டரையும் எழுதவையுங்கள். பெண்களுக்கு 81 முதல் 90 வரை ஒரே மதிப்பெண். ஓராண்டில் 81இலிருந்து 90க்குப் போனவரின் தாளில் இப்போது எந்த மாற்றமும் தெரியாது.